பதவிப் பெயரை விடுங்கள், வேலையைக் கேளுங்கள்

நுகர்பொருள் நிறுவனங்களில் விற்பனை, ஆபரேஷன்ஸ், சிஸ்டம்ஸ் வேலைகளுக்கு இந்த ஆண்டு சேரவிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



உங்களில் பலர் கைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கும், அல்லது வரப்போகிறது. சோப்பு, ஷாம்பு, பிஸ்கட், மசாலா, டீத்தூள் என்று தெருமுனைக் கடை வரை போய்ச் சேரும் பொருள்களை விற்கிற கம்பெனிகள் நம் கல்லூரிகளில் வந்து ஆள் எடுக்கின்றன. கடிதத்தில் பதவிப் பெயர் நன்றாகவே இருக்கும். டெரிட்டரி சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ், சேல்ஸ் ஆபீசர், பிசினஸ் டெவலப்மென்ட் மேனேஜர், ஆபரேஷன்ஸ் அசோசியேட், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட். அம்மாவும் அப்பாவும் அந்தப் பெயரைத்தான் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். படட்டும். அந்தப் பெயரை மட்டும் நம்பி உங்கள் முதல் ஐந்தாறு வருடங்களை ஒப்படைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் கம்பெனிச் சரக்கை வாங்கிக் கடைகளுக்கு விற்கும் ஓர் ஏஜென்சியில் பில் போடும் வேலையில் தொடங்கி, கம்பெனி ஆபீசராகி, தென்மாவட்டங்களுக்கு ஏரியா மேனேஜராக இருந்தவன் நான். இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்கும் கேள்வி, “சார், மேனேஜர் ஆக எத்தனை வருஷம் ஆகும்?” ஒரு கம்பெனியில் ஆபீசர் என்று அழைக்கப்படுபவர் பார்க்கும் அதே வேலைக்கு அடுத்த கம்பெனியில் எக்ஸிக்யூட்டிவ் என்று பெயர், மூன்றாவது கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே மேனேஜர். அதனால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதற்கு முன், இந்த லைனில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம்.

எல்லாம் ஏஜென்சி சேல்ஸ்மேனிடமிருந்து தொடங்குகிறது. காலையில் ஏஜென்சிக்கு வருவார். அன்றைய பீட்டில், அதாவது அன்றைக்குப் போக வேண்டிய வழியில், உள்ள கடைகளை மொபைல் ஆப்பில் பார்ப்பார், குடோனில் எது இருக்கிறது எது இல்லை என்று கேட்டுக்கொள்வார், வண்டியை எடுப்பார். முப்பது நாற்பது கடைகள் ஏறி இறங்க வேண்டும். எத்தனை கடை ஏறினார், அதில் எத்தனை கடையில் பில் விழுந்தது, ஒரு பில்லில் எத்தனை ஐட்டம் என்ற மூன்றும்தான் அவருடைய நாள். மறுநாள் டெலிவரி வண்டி சரக்கோடு போகும். அடுத்த வாரம் அதே கிழமையில் அவர் போய் வசூல் செய்ய வேண்டும், புது ஆர்டரும் எடுக்க வேண்டும். செக் திரும்பினால் முதல் போன் அவருக்குத்தான் வரும்.

அவருக்கு மேலே கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர். நாலைந்து ஏஜென்சிகளும் அவற்றின் சேல்ஸ்மேன்களும் அவர் பொறுப்பு. அவருக்கு மேலே ஏரியா சேல்ஸ் மேனேஜர், அதாவது ஏஎஸ்எம். பிறகு ரீஜனல் மேனேஜர், ஜோனல் மேனேஜர், கடைசியில் நேஷனல் சேல்ஸ் ஹெட். பக்கவாட்டில் சூப்பர் மார்க்கெட்டுகளைப் பார்க்கும் கீ அக்கவுண்ட் மேனேஜர்கள், ஸ்கீம் திட்டமிடும் டிரேடு மார்க்கெட்டிங் ஆட்கள், கடையில் சரக்கை அடுக்கும் மெர்ச்சண்டைசர்கள் என்று உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் அடுக்குகளும் மாறும். அடிப்படை அமைப்பு இதுதான்.

இந்த அமைப்பின் அடிப்பகுதி ஏன் இவ்வளவு அகலம் என்பதற்கு நம்மூரிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்கலாம் என்று காட்டிய ஊர் கடலூர். சின்னிகிருஷ்ணன் தொடங்கிய அந்த வழியில், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவோடு தனியாகக் கிளம்பினார். அந்தக் கம்பெனிதான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. பாட்டில் ஷாம்பு நகரத்துக் கடைகளுக்குப் போனால் போதும். சாஷே பெட்டிக்கடை வரை போயாக வேண்டும். பெட்டிக்கடைக்காரர் நிறைய வாங்கி வைக்க மாட்டார், அதனால் வாராவாரம் போக வேண்டும். வாராவாரம் போவதற்குக் கால்கள் வேண்டும். அந்தக் கால்கள்தான் ஏஜென்சி சேல்ஸ்மேன்கள். இந்தத் தொழிலின் லாபம் அவர்கள் நடையிலிருந்துதான் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வேலையின் படிநிலையை எதை வைத்து அளப்பது? சம்பளத்தையா, கீழே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையையா, கார் கொடுக்கிறார்களா இல்லையா என்பதையா? லண்டனில் பேரிங் தயாரித்த கிளேசியர் மெட்டல் என்ற கம்பெனியில் எலியட் ஜாக்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1948 முதல் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு உழைத்தார். அங்கே தொழிலாளிக்கு மணிக்கணக்கில் கூலி, அலுவலருக்கு மாதச் சம்பளம், உயரதிகாரிக்கு வருடக் கணக்கு. சம்பளத்தைக் காலத்தால் பிரித்திருக்கும் அந்த வழக்கத்துக்குள்ளேயே விடை இருப்பதாக அவருக்குப் பட்டது. ஒருவர் தன் சொந்த முடிவின் பேரில் செய்யும் வேலை சரியா தவறா என்று தெரிய எவ்வளவு காலம் ஆகிறதோ, அதுவே அந்த வேலையின் உயரம் என்றார் அவர். மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும் வேலை முதல் படி. மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை இரண்டாம் படி. ஒன்று முதல் இரண்டு வருடம் மூன்றாம் படி. இரண்டு முதல் ஐந்து வருடம் நான்காம் படி. 1956-இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார். யூனிலீவரில் மேலாளர்களை ‘வொர்க் லெவல்’ எண்ணால் வரிசைப்படுத்தும் முறை இந்தச் சிந்தனையின் வழி வந்ததுதான்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. மனிதர்களின் அறிவுத்திறனைப் பற்றி அவர் பின்னாளில் சொன்ன சில கருத்துகள் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த ஓர் அளவுகோல் நம் லைனுக்கு அப்படியே பொருந்துகிறது. கொஞ்சம் பொருத்திப் பாருங்கள்.

கடைக்காரர் தலையில் தேவைக்கு மேல் இரண்டு கேஸ் ஏற்றிவிட்டார் சேல்ஸ்மேன். அது தவறு என்று சில வாரங்களில் தெரிந்துவிடும்; சரக்கு நகராது, காசு வராது. சேல்ஸ் ஆபீசர் ஒரு பீட்டைப் பிரித்து இரண்டாக்கினால் விளைவு தெரிய ஒரு காலாண்டு வேண்டும். ஏஎஸ்எம் ஒரு ஊருக்குப் புது ஏஜென்சி போடுகிறார் என்று வையுங்கள். தேனிக்கு ஆள் தேட நான் போனபோதெல்லாம் முதலில் பார்ப்பது குடோன். மழைத்தண்ணீர் ஏறுமா, லாரி வாசலுக்கு வருமா, சோப்பையும் பிஸ்கட்டையும் பிரித்து அடுக்க இடம் இருக்கிறதா? பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிஸ்கட்டில் சோப்பு வாசனை ஏறிவிடும். பிறகு, அவர் கையில் ஏற்கெனவே எத்தனை ஏஜென்சி, எத்தனை வண்டி. சொந்தப் பணமா, வட்டிக்கு வாங்கிப் போடுகிறாரா. பணம் சரக்காகி, சரக்கு கடைக்குப் போய், திரும்பப் பணமாக எத்தனை நாள் ஆகும் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஊர்க் கடைக்காரர்கள் நாலு பேரிடம் அவர் பேச்சு எப்படி என்று விசாரிக்க வேண்டும். இவ்வளவு பார்த்துப் போட்டாலும், அந்த முடிவு சரியா என்பது ஒரு தீபாவளியும் ஒரு மார்ச்சும் கழிந்த பிறகுதான் தெரியும். ரீஜனல் மேனேஜர் எங்கே டெப்போ வைப்பது, எந்த மாவட்டத்துக்கு எத்தனை ஆள் என்று முடிவெடுத்தால் அதன் பலன் தெரிய இரண்டு வருடம் ஆகும்.

ஆகவே இன்டர்வியூவில் கேட்க வேண்டிய கேள்வி இது: “இந்த வேலையில் நானே எடுக்கக்கூடிய முடிவு எது? அது சரியா என்று எப்போது தெரியும்?”

கேட்டுப் பார்த்தால் பல கம்பெனிகளில் நிலைமை புரியும். கார்டில் ஏரியா மேனேஜர் என்று இருக்கும். காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் எத்தனை பேர் பீட்டில் இறங்கியாச்சு, பன்னிரண்டு மணிக்கு எத்தனை பில், மூன்று மணிக்கு எத்தனை லட்சம், ஆறு மணிக்கு ஏன் குறைவு. மாதம் முழுக்க இதைக் கேட்டு மேலே அனுப்புவதே அவர் வேலை. மாதக் கடைசியில் ஏஜென்சிகளின் குடோனில் சரக்கை ஏற்றி பிரைமரியை, அதாவது கம்பெனி ஏஜென்சிக்கு விற்கும் கணக்கை, முடிப்பார். அந்தச் சரக்கு கடைக்குப் போய்ச் செகண்டரி ஆனதா என்பது அடுத்த மாதக் கவலை. மேனேஜர் பெயரில் அன்றாடப் படியிலேயே நிற்கிறார் அவர். பத்து வருடம் அப்படி நின்றவர் வேறு கம்பெனிக்குப் போய், “ஒரு ஏஜென்சியை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறுவதை இன்டர்வியூ அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் உழைப்பில் குறையே இல்லை. அவருக்கு முடிவெடுக்கும் வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை.

இதைவிட எனக்கு வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஏஜென்சி சேல்ஸ்மேன் தோளில் கம்பெனிப் பெயர் போட்ட பை தொங்கும். கம்பெனியின் டார்கெட், கம்பெனியின் ஆப், கம்பெனி ஆபீசரின் திட்டு எல்லாம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் கம்பெனி ஊழியர் இல்லை. ஏஜென்சி முதலாளி ஆள், அல்லது ஏதாவது ஒரு மேன்பவர் காண்ட்ராக்டரின் ஆள். ஆஃப்-ரோல் என்பார்கள். கம்பெனியின் படிநிலைப் பட்டியலில் முதல் வரியே சேல்ஸ் ஆபீசரிலிருந்துதான் தொடங்கும். பதினைந்து வருடம் ஒரே பீட்டில் நடந்து, எந்தக் கடைக்காரருக்கு எப்போது பெண் கல்யாணம் என்பது வரை தெரிந்து வைத்திருப்பவருக்கு மேலே ஏற வழியில்லை. அவருக்கு ஆபீசராக, பீட் என்றால் என்னவென்று நேற்றுத் தெரிந்துகொண்ட பட்டதாரி வந்து நிற்பார். அந்தப் பட்டதாரி நீங்கள்தான். முதல் வாரத்திலிருந்தே அவரை அண்ணன் என்று அழையுங்கள். அவர் இன்சென்டிவ் ஷீட் சரியாக வருகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். உங்களுக்கு அதிகாரம் வரும்போது, நல்ல சேல்ஸ்மேன் கம்பெனி ரோலுக்கு வர ஒரு வழியைக் கேட்டு வாங்குங்கள். சில கம்பெனிகளில் அந்த வழி இருக்கிறது, தேர்வு வைத்து எடுக்கிறார்கள். எல்லாக் கம்பெனியிலும் இருக்க வேண்டும்.

சட்டமும் இங்கே முக்கியம். பெயரைப் பார்க்காமல் உண்மையில் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் வெகுகாலமாகச் சொல்லிவருவது. எல்ஐசியில் டெவலப்மென்ட் ஆபீசராக இருந்தவர் ‘ஆபீசர்’ என்ற பெயருக்காகத் தொழிலாளர் என்ற பாதுகாப்பை இழக்க மாட்டார் என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்பனை ஊழியர்களைப் பொறுத்தவரை அந்தப் பாதை நேராகப் போகவில்லை. மெடிக்கல் ரெப் பொதுத் தொழிலாளர் சட்டத்தின் வரையறைக்குள் வர மாட்டார் என்று 1994-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அவர்களுக்கென்று இருந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டமே கைகொடுத்தது. இப்போது அந்தச் சட்டங்களுக்குப் பதிலாக வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன. விற்பனை மேம்பாட்டு ஊழியர்களும் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். ஆனால் நிர்வாகப் பணியில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வைப் பணியாளரும் வரமாட்டார்கள். கார்டில் ‘மேனேஜர்’ என்று போட்டுவிட்டால் போதும் என்று சில கம்பெனிகள் நினைப்பது இதனால்தான். உங்களுக்குக் கீழே ஒரு ஆள்கூட இல்லை, லீவு கொடுக்கும் அதிகாரம்கூட இல்லை என்றால், அந்த மேனேஜர் பட்டம் உங்களுக்கு நன்மை செய்வதற்காக வந்ததல்ல. இன்னொன்று: 10 பேருக்குக் குறையாமல் தொழிலாளர் உள்ள நிறுவனம் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று புதிய தொகுப்புகளில் ஒன்று சொல்கிறது. பல ஏஜென்சிகளில் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் யாருடைய ரோலில் நீங்கள் இருக்கப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே கேட்கச் சொல்கிறேன்.

அடுத்து ஆபரேஷன்ஸ். கேம்பஸில் இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுருங்குகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். “சேல்ஸ்ல இருந்தாத்தான் சார் வளர முடியும், ஆபரேஷன்ஸ்னா உள்ளேயே உட்கார வேண்டியதுதான்” என்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் பீட்டுக்குப் போவேன். போன மாதம் விருதுநகர் பக்கம் ஒரு மளிகைக் கடையில் நின்றோம். சேல்ஸ்மேன் கேட்டார்:

“அண்ணாச்சி, இந்த வாரம் ரெண்டு கேஸ் போடட்டுமா?”

“போன மாசத்து ஸ்கீம் காசே இன்னும் வரலையேப்பா. அதைக் கொண்டாந்து குடுத்துட்டு கேஸ் போடு.”

அன்றைக்கு அந்தக் கடையில் பில் விழவில்லை. சேல்ஸ்மேன் திறமையில் குறையா? இல்லை. பன்னிரண்டு வாங்கினால் ஒன்றின் காசு திரும்பக் கிடைக்கும் என்று கம்பெனி ஸ்கீம் போடுகிறது. ஏஜென்சி அதைத் தன் கையிலிருந்து முதலில் கடைக்குக் கொடுக்கும். பிறகு கம்பெனிக்குக் கிளைம் அனுப்பும். கிளைம் பார்க்கிறவர் பில்களைச் சரிபார்த்து கிரெடிட் நோட் போட்டால்தான் ஏஜென்சிக்குப் பணம் திரும்பும். கிளைம் அங்கே இரண்டு மாதம் தூங்கினால் ஏஜென்சி முதலாளியின் பணம் முடங்கும். அவர் அடுத்த ஸ்கீமைக் கடைக்குக் கொடுக்கத் தயங்குவார். அண்ணாச்சி ஆர்டரை நிறுத்துவார். கிளைம் மேஜையில் உட்காரும் இளைஞர், கடை வாசலில் நிற்கும் சேல்ஸ்மேனின் நாளை முடிவு செய்கிறார். எந்த ஏஜென்சி அளவுக்கு மீறி டேமேஜ் கிளைம் அனுப்புகிறது, எந்த ஸ்கீம் கடைக்கே போகாமல் நடுவில் நிற்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அதைப் பார்த்து மேலே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர் கிளைம் எக்ஸிக்யூட்டிவாகவே நின்றுவிடுவதில்லை.

ஆபரேஷன்ஸில் உயரமான முடிவுகள் எப்படி இருக்கும் என்பதற்கு ஜிஎஸ்டியைச் சொல்லலாம். 2017 ஜூலை 1-க்கு முன்பு மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் 2 சதவீத மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்க ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு டெப்போ வைத்து, விற்பனையாக இல்லாமல் ஸ்டாக் டிரான்ஸ்ஃபராகச் சரக்கை அனுப்பினார்கள். அது விற்பனை இல்லை என்று காட்ட எஃப் ஃபாரம். ஓசூரிலிருந்து பெங்களூரு கூப்பிடு தூரம். ஆனாலும் அங்கே தனி டெப்போ, இங்கே தனி டெப்போ. ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. எந்த டெப்போவை மூடுவது, எதைப் பெரிதாக்குவது, எந்த ஊர் லாரி எங்கிருந்து கிளம்பினால் மறுநாள் காலை ஏஜென்சி வாசலில் நிற்கும் என்று பல ஆண்டுகளுக்கான முடிவுகளை எடுத்தவர்கள் ஆபரேஷன்ஸ்காரர்கள். அவர்களில் டெஸ்பாட்ச் கிளார்க்காகச் சேர்ந்தவர்களும் உண்டு.

சிஸ்டம்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த லைனில் வேலை மிக வேகமாக மாறிய இடம் அதுதான். நான் பில் போடத் தொடங்கிய காலத்தில் கார்பன் பேப்பர். பிறகு டாலி வந்தது. இன்று கம்பெனி பக்கம் எஸ்ஏபி மென்பொருள், ஏஜென்சி பக்கம் பில்லும் ஸ்டாக்கும் பார்க்கும் டிஎம்எஸ், சேல்ஸ்மேன் கையில் ஆர்டர் ஆப். மூன்றும் பேசிக்கொள்ள வேண்டும். ஐட்டம் பெயர், ரேட், வரி, ஸ்கீம், கடைப் பட்டியல் எல்லாம் மாஸ்டர் டேட்டா என்று ஒரே இடத்திலிருந்து இறங்குகிறது. அங்கே ஒரு எழுத்து தவறினால் ஆயிரக்கணக்கான பில்லில் தவறும்.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் வரிவிகிதங்களை மாற்றி அறிவித்தது. ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், குளியல் சோப்பு எல்லாம் 18-லிருந்து 5 சதவீதம். செப்டம்பர் 22 முதல் அமல். அந்தச் சில நாள்களில் கடைக்காரர்கள், “விலை குறையப் போகுதே, அப்புறம் வாங்கிக்கிறேன்” என்று ஆர்டரை நிறுத்தினார்கள். சேல்ஸ் ஆட்கள் கையைப் பிசைந்தார்கள். 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எனக்குத் தெரிந்த ஓர் ஏஜென்சியின் பில்லிங் அறையில் ஒரு தங்கை உட்கார்ந்து ஐட்டம் மாஸ்டரை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து வந்த அப்டேட்டில் ஒரே பிராண்டின் எல்லாச் சோப்பும் 5-க்கு மாறியிருந்தது.

“சார், பார் சோப்புதான் அஞ்சு. ஹேண்ட்வாஷ் லிக்விட் பதினெட்டுலயே நிக்குது. துணி சோப்புத்தூளும் மாறலை. பிராண்டு பேரைப் பார்த்து மொத்தமா மாத்திட்டாங்க போல” என்று கம்பெனி சிஸ்டம்ஸ் ஆபீசருக்குப் போன் போட்டார். அவர் சரிபார்த்து, அந்த அப்டேட்டைத் திருத்தி மற்ற ஏஜென்சிகளுக்கும் அனுப்பினார். அந்தப் போன் போகாமல் இருந்திருந்தால் மறுநாள் காலை முதல் பில்லிலிருந்தே வரி குறைவாக விழுந்திருக்கும். அது வருடாந்திர ரிட்டர்ன் போடும்போது வெளியே வரும். வித்தியாசத்தை வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். எந்தக் கடைக்காரரும் திரும்பக் காசு தர மாட்டார். ஜாக்ஸின் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் கழித்துத் தெரியவேண்டிய தவறை அந்த ராத்திரியே பிடித்தவர் அவர். அவருடைய பதவிப் பெயர் பில்லிங் ஆபரேட்டர். சம்பளமும் அந்தப் பெயருக்கு உரியதுதான். இது அநியாயம். அந்த வாரமே நான் அந்த முதலாளியிடம் இதைச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

பெண்கள் விஷயம் பேச்சில் வந்துவிட்டது. பீட்டில் பெண்கள் மிகக் குறைவு. பில்லிங், அறிக்கை தயாரிக்கும் எம்ஐஎஸ், கிளைம் மேஜைகளில் நிறைய. வெயிலில் வண்டி ஓட்ட முடியாது என்பது காரணமே இல்லை. பீட்டில் ஒதுங்கக் கழிப்பறை கிடையாது, இரவு ஏழு மணிக்கு வசூல் பணத்தோடு தனியாகத் திரும்ப வேண்டும், இவை இரண்டும்தான் உண்மையான தடைகள். கம்பெனி நினைத்தால் தீர்க்கக்கூடியவை. ஃபீல்டு அனுபவம் இல்லை என்று சொல்லி இதே பெண்களை ஏஎஸ்எம் பதவிக்குப் பரிசீலிக்காமல் விடுவது சரியே அல்ல. தங்கைகள் டிரெய்னிங்கில் ஃபீல்டு கேட்டு வாங்குங்கள், மூன்று மாதமாவது. பிறகு நீங்கள் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

சென்னையில் மென்பொருள் கம்பெனிகளுக்கு, சோஹோ, ஃபிரெஷ்வொர்க்ஸ் மாதிரி இடங்களுக்குப் போகிறவர்களும் இதைப் படிக்கலாம். அங்கே பெயர்கள் வேறு. புதிய வாடிக்கையாளரைத் தேடிப் பேசுபவர் எஸ்டிஆர், பேரத்தை முடிப்பவர் அக்கவுண்ட் எக்ஸிக்யூட்டிவ், எண்ணிக்கைகளையும் நடைமுறைகளையும் பார்ப்பவர் ரெவின்யூ ஆபரேஷன்ஸ், வாடிக்கையாளர் விவர மென்பொருளைப் பராமரிப்பவர் சிஆர்எம் அட்மின். நானே எடுக்கக்கூடிய முடிவு எது என்ற கேள்வி அதேதான்.

ஒரு துறையிலேயே ஏறுவதா, மாறி மாறி ஏறுவதா என்றும் கேட்பீர்கள். முதல் ஐந்து வருடத்துக்குள் ஒருமுறையாவது மாறுங்கள் என்பது என் கருத்து. இரண்டு வருடம் ஃபீல்டில் நடந்தவர் சிஸ்டம்ஸுக்குப் போனால், சேல்ஸ்மேன் வெயிலில் நின்று ஒரு கையால் அழுத்த முடியாத ஆப்பை அவர் செய்ய மாட்டார். கிளைம் பார்த்தவர் சேல்ஸுக்குப் போனால், கணக்கு முடியாத ஸ்கீமைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நல்ல ரீஜனல் மேனேஜர்கள் என்று நான் மதிப்பவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு காலத்தில் டெப்போவிலோ, எம்ஐஎஸ்ஸிலோ, டிரேடு மார்க்கெட்டிங்கிலோ உட்கார்ந்தவர்கள். இப்படி மாறும்போது ஒரு வருடம் இன்சென்டிவ் குறையும், வீட்டில் கேள்வி வரும். பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி உங்களை மாற்றுகிறதா, ஓரங்கட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் உங்கள் கையில் ஒரு முடிவாவது இருந்தால் அது மாற்றம்.

ஆஃபர் லெட்டரைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் எழுதுங்கள், மரியாதையாக, தமிழிலோ ஆங்கிலத்திலோ. நான் யாருடைய ரோலில் இருப்பேன், பிஎஃப் யார் பெயரில் கட்டப்படும்? இந்த வேலையில் நானே எடுக்கக்கூடிய முடிவுகள் எவை? இந்த இடத்தில் எனக்கு முன் இருந்தவர் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்? அடுத்த படிக்குப் போக டார்கெட் தவிர வேறு எதைப் பார்ப்பீர்கள்? ஃபிக்ஸட் சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, பெட்ரோல் யார் காசு? இவற்றுக்கான பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை மிகக் கவனமாகப் படியுங்கள். அந்த இடத்தில் வருடத்துக்கு ஒரு ஆள் மாறியிருந்தால் பதவிப் பெயர் எதுவானாலும் யோசியுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காகவே ஆஃபரைத் திரும்பப் பெறும் கம்பெனி இருந்தால், அங்கே நீங்கள் சேர வேண்டாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு சேல்ஸ் பயிற்சியாளர்